வாசலில் ஒரு வரி

செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டு வாருங்கள் சார். பெரியவர்களுக்கென்று இங்கே நாற்காலி கிடையாது, அந்தச் சின்ன நாற்காலியில்தான் உட்கார வேண்டும். பயப்படாதீர்கள், உடையாது. போன வருஷம் ஒரு கல்யாண சமையல்காரர் பேத்தியைச் சேர்க்க வந்து அதில்தான் உட்கார்ந்தார். நாற்காலிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவரை எழுப்பத்தான் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

ஞானவேல் சார் சொல்லி வந்ததாகச் சொன்னீர்கள். கேட்டதும் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அவருக்கு என் மேல் கோபம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பையன் துருவன் இங்கிருந்து போன விதம் அப்படி. சிநேகிதர் என்கிறீர்கள், உங்களுக்கும் கொஞ்சம் தெரிந்திருக்கும். முழுதும் தெரியாதா? சொல்கிறேன். உங்கள் மகளை இங்கே விடலாமா என்று முடிவு செய்ய இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

முதலில் இந்த அறையைப் பாருங்கள். கரும்பலகை இல்லை. பெஞ்சு இல்லை. இங்கே நாங்கள் வாயால் சொல்லித் தருவது குறைவு. மூன்று வயதில் காது இன்னும் பள்ளிக்கூடத்துக்கு வருவதில்லை சார், கை வந்துவிடுகிறது. இதோ இந்தத் தட்டில் இரண்டு கண்ணாடிக் குவளை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். சிந்தினால் பஞ்சு இருக்கிறது, துடைக்க வேண்டும். நிஜக் கண்ணாடிதான். பிளாஸ்டிக் என்றால் கீழே போட்டாலும் ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாத இடத்தில் கை எதையும் கற்றுக்கொள்ளாது. அந்தப் பெட்டியில் இருப்பது உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகள். விரலால் தடவித் தடவித்தான் ‘அ’ படிப்பார்கள்.

எங்களுக்கு இரண்டு விதி. குழந்தை வேலையில் ஆழ்ந்திருக்கும்போது குறுக்கே போகக் கூடாது. பார்த்ததைப் பார்த்தபடி வைத்துக்கொள்ள வேண்டும், அதற்கு நாமாக ஒரு அர்த்தம் கட்டக் கூடாது. இவை பயிற்சியில் சொல்லிக்கொடுத்தவை. இன்னொன்று என் சொந்த வழக்கம். சனிக்கிழமை மதியம் பள்ளி விடும்போது நான் வாசலில் நிற்பேன். கூட்டிப்போக வருகிறவர் யாராக இருந்தாலும், இந்த வாரம் உங்கள் குழந்தையின் கை இன்னது கற்றுக்கொண்டது என்று ஒரே வரி சொல்லி அனுப்புவேன். மார்க் கிடையாது, ரிப்போர்ட் கிடையாது. அந்த ஒரு வரிதான். திருச்சி முழுக்க என் பள்ளிக்குப் பெயர் வந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

துருவனைச் சேர்க்க ஜூன் மாதம் மூவருமாக வந்தார்கள். ஞானவேல் சாரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இஞ்சினியர், கட்டட வேலை, மடித்த சட்டைக் கை கலையாமல் பேசுகிற மனிதர். அந்தப் பெண் சுகந்தி ஒரு வார்த்தை பேசவில்லை. பையன் என்ன சாப்பிடுவான் என்று அவளைப் பார்த்துக் கேட்டேன், அவர்தான் பதில் சொன்னார். எத்தனை மணிக்குத் தூங்குவான் என்று கேட்டேன், அதற்கும் அவர்தான். கிளம்பும்போது மட்டும் அவள் என்னிடம் கேட்டாள்:

“இங்க கதவப் பூட்டுவீங்களா?”

“பூட்ட மாட்டோம்மா. குழந்தை இஷ்டப்படி உள்ளே வெளியே போகலாம்.”

“நல்லது” என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

பார்க்க முடியாது. அவர் என்னிடம் ஒளிக்காமல் சொன்னார். “அவளுக்கு மனசு சரியில்ல மேடம். வெளிய விட்டா எங்கயாவது போயிடுவா. நான் வேலைக்குப் போற நேரத்துல ரூம்ல வெச்சிட்டுப் போறேன். அக்கா பாத்துக்கறாங்க.” அக்கா என்றால் அவருடைய அக்கா, பையனுக்கு அத்தை. எனக்கு மனசு கேட்கவில்லை. இப்படி ஒரு மனைவியை வைத்துக்கொண்டு, வேலையையும் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு சனிக்கிழமையும் தானே வந்து பையனைக் கூட்டிப்போகிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

இதோ, இதுதான் பூட்டுப் பலகை. எடுத்துப் பாருங்கள், கனமாக இருக்கும், தேக்கு. கொண்டி, தாழ்ப்பாள், சங்கிலி, நாதாங்கி, கடைசியில் சாவி போட்டுத் திறக்கிற பூட்டு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சின்னக் கதவு, திறந்தால் உள்ளே ஒரு படம். கிளி, பூனை, மீன். எல்லாக் குழந்தையும் படம் பார்க்கத்தான் திறக்கும். துருவன் படத்தைப் பார்க்கவே மாட்டான். தாழ்ப்பாளை இழுப்பான், கதவைத் திறப்பான், மூடுவான், மறுபடி இழுப்பான். மற்ற குழந்தைகள் மணலுக்குப் போய்விடும், டிபனுக்குப் போய்விடும். இவன் அசைய மாட்டான். நாலு வயது ஆகவில்லை சார் அப்போது. இப்படி ஒரு ஆழ்தலைப் பார்க்கத்தான் நாங்கள் இந்தத் தொழிலுக்கே வருகிறோம்.

அப்போது என்னிடம் ஷர்மிளா என்று ஒரு பெண் வேலை பார்த்தாள். புதிதாகப் பயிற்சி முடித்தவள், ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். அவள் ஒருநாள் என் காதருகே வந்து, “ஆன்ட்டி, அவன் கதவத் திறந்துட்டு என்ன சொல்றான்னு கேளுங்க” என்றாள். பள்ளிக்குள்ளே டீச்சர், மேடம் எல்லாம் கிடையாது, குழந்தைகளுக்கும் வேலை பார்க்கிறவர்களுக்கும் நான் ஆன்ட்டிதான். போய்க் கேட்டேன். கதவைத் திறந்து, உதடு அசைகிறதா இல்லையா என்கிற அளவில், “வா” என்றான்.

“கிளியைக் கூப்பிடுகிறான்” என்றேன்.

“கிளிய இல்ல ஆன்ட்டி.”

“ஷர்மிளா, பார்த்ததை மட்டும் வைத்துக்கொள். அர்த்தம் கட்டாதே.”

அந்தச் சனிக்கிழமை ஞானவேல் சாரிடம் வாசலில் சொன்னேன்: “உங்கள் மகன் தாழ்ப்பாள் திறக்கக் கற்றுக்கொண்டான்.”

“அப்படியா! எந்த மாதிரித் தாழ்ப்பாள் மேடம்?”

எந்தத் தகப்பன் சார் இவ்வளவு நுணுக்கமாகக் கேட்பான்? பக்கவாட்டில் இழுக்கிற தாழ்ப்பாள், அவன் கைக்கு எட்டுகிற உயரத்தில் என்று விளக்கினேன். “ரொம்ப நல்லதுங்க” என்றார். பையனை வண்டியில் முன்னால் உட்காரவைத்து, நேரே எதிரில் இருக்கிற ஹார்டுவேர் கடைக்குப் போனார். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. வீட்டிலும் ஒரு பலகை செய்து தரப் போகிறார் என்று ஷர்மிளாவிடம் காட்டினேன். அவள் கடையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திங்கட்கிழமை துருவன் பலகையை எடுக்கவில்லை. அதோ, அந்த வாசல் கதவுக்குக் கீழே நின்று மேல்தாழ்ப்பாளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“மேல இருந்தா எட்டாதே ஆன்ட்டி” என்றான்.

“எட்டாவிட்டால் நாற்காலி எடுத்துக்கொள்ள வேண்டும்” என்றேன். நாற்காலி தூக்குவது இங்கே ஒரு தனிப் பாடம். முதுகுப் பக்கம் ஒரு கை, இருக்கைக்கு அடியில் ஒரு கை. நாலு காலையும் ஒரே சமயத்தில் தரையில் வைக்கக் கூடாது. முதலில் ஒரு கால், அப்புறம் மற்றது, அப்புறம் மற்றது. அப்படி வைத்தால் பூ விழுகிற சத்தம்கூடக் கேட்காது. இது என் சொந்த முறை, புத்தகத்தில் இல்லை. மற்ற குழந்தைகளுக்குப் பிடிபட மாசக்கணக்காகும். இவன் ஒரே வாரத்தில் பிடித்துவிட்டான். லேசாகச் சத்தம் வந்தாலும் முகம் வெளுத்துவிடும். “அத்த எந்திரிச்சிருவாங்க” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். அத்தை மத்தியானம் கூடத்தில் படுத்துத் தூங்குவாராம். குழந்தைக்கு எவ்வளவு மரியாதை பாருங்கள்!

அதையும் சனிக்கிழமை சொன்னேன். “நாற்காலியை உங்கள் அக்கா பக்கத்தில் வைத்தால்கூட அவருக்குத் தெரியாது சார், அவ்வளவு பதவிசு” என்றேன். அவர் சிரித்தார். “நல்லவேளை சொன்னீங்க மேடம்” என்றார்.

அடுத்த வாரம் அவரே எனக்குச் செய்தி சொன்னார். வீட்டில் நாற்காலியெல்லாம் மாடிக்கு ஏற்றிவிட்டார்களாம், இடத்தை அடைக்கிறதாம். அந்த அறைக்கு மேல்தாழ்ப்பாள் போதவில்லை என்று, அதை எடுத்துவிட்டுக் கைப்பிடிக்குக் கீழே சாவிப் பூட்டுப் போட்டுவிட்டாராம். பையனின் வலது கையில் கட்டு இருந்தது. கதவிடுக்கில் விரல் நசுங்கிவிட்டதாகச் சொன்னார். துருவன் அன்றைக்கே இடது கையால் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டான். பலகையில் கடைசிக் கதவு, சாவிப் பூட்டு. நல்ல கை இருக்கிற குழந்தைக்கே சாவி திருப்புவது கஷ்டம். இவன் இடது கையால், நாக்கைக் கடித்துக்கொண்டு, திருப்பித் திருப்பிப் பழகினான். ‘டக்’ என்று திறந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். “அப்பாகிட்ட சொல்லாதீங்க ஆன்ட்டி.”

குழந்தைகளுக்கு இப்படி ஒரு ஆசை உண்டு சார். ஒன்றைக் கற்றுக்கொண்டு, ஒளித்து வைத்து, திடீரென்று அப்பா முன்னால் செய்து காட்டி ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று. எனக்குச் சிரிப்பு வந்தது. சனிக்கிழமை அதையும் சேர்த்துத்தான் சொன்னேன். “சார், உங்களுக்கு ஒரு ஆச்சரியம் வைத்திருக்கிறான். சொல்லாதே என்று வேறு சொன்னான். நான் கெடுத்துவிடுகிறேன்: பூட்டுத் திறக்கிறான்!”

ஞானவேல் சார் பையன் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்தார். வெளியே வந்திருந்த சட்டையை மெதுவாக உள்ளே விட்டுவிட்டார். “அப்பாகிட்ட மறைக்கலாமா தங்கம்?” என்றார். குரலை உயர்த்தவே இல்லை. பையன் நின்றபடியே கால்சட்டையை நனைத்துவிட்டான். அந்த வயசில் சகஜம்தான். மாற்றுத் துணி எடுத்துவர நான் உள்ளே போய்த் திரும்புவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

அடுத்த வாரம் முழுக்கப் பையன் வரவில்லை. காய்ச்சல் என்று போன் வந்தது.

அன்றைக்குத்தான் ஷர்மிளா என்னிடம் வாயாடினாள். “ஆன்ட்டி, அந்த அம்மாவ அடைச்சு வெச்சிருக்காங்க. அவன் அவங்கள வெளிய விடப் பாக்கறான். ஒவ்வொன்னா நீங்கதான் போய் அவர்கிட்ட சொல்றீங்க.” இதுதான் சார் புதிதாக வருகிறவர்களிடம் எனக்குப் பிடிக்காதது. பார்த்தது என்ன? ஒரு குழந்தை தாழ்ப்பாள் திறந்தது, நாற்காலி தூக்கியது, சாவி திருப்பியது. மற்றதெல்லாம் இவள் தலைக்குள் ஓடுகிற சினிமா. “அந்தப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை, வைத்தியம் நடக்கிறது” என்றேன். “எந்த டாக்டர் ஆன்ட்டி?” என்றாள். எந்த டாக்டர் என்று நான் எப்படிக் கேட்பேன்? ஒரு படித்த மனிதரிடம் அப்படிக் கேட்பது நாகரிகமா, நீங்களே சொல்லுங்கள்.

துருவன் திரும்பி வந்தபோது ஆளே மாறியிருந்தான். பேச்சே இல்லை. என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்காருவான். நான் கிட்டே போனால் செய்வதை நிறுத்திவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொள்வான். நான் நகர்ந்த பிறகுதான் தொடர்வான். எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு பூரிப்பு தெரியுமா? யாருடைய பாராட்டும் வேண்டாம், யாரும் பார்க்கவும் வேண்டாம் என்கிற நிலை அது. அந்தக் கட்டத்துக்குப் பல குழந்தைகள் வந்து சேர்வதே இல்லை. மரியாதையாக ஒதுங்கிக்கொண்டேன். அவனை ஷர்மிளாவிடமே விட்டுவிட்டேன்.

அவள் அவனுக்குக் கொடுத்தது மணி வேலை. தரையில் அந்த வெள்ளைக் கோடு தெரிகிறதல்லவா, கையில் ஒரு வெண்கல மணியைப் பிடித்துக்கொண்டு, அது ஒலிக்காமல் கோட்டின் மேல் நடந்து வர வேண்டும். அது எங்கள் பழைய பயிற்சிதான். ஆனால் இவள் மணிக்குப் பதிலாகச் சாவிக்கொத்தைக் கொடுத்தாள். ஒரு தலையணைக்கு அடியில் வைத்து, அங்கிருந்து சத்தமில்லாமல் எடுத்துவரச் சொன்னாள். எனக்கு அது பிடிக்கவில்லை, முறைப்படி இல்லை. இருந்தாலும் குறுக்கே போகக் கூடாதென்று பேசாமல் இருந்தேன். அந்த வீட்டிலும் சாவிக்கொத்து அத்தையின் தலையணைக்கு அடியில்தான் இருந்ததாம். அது ஞானவேல் சார் பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை எனக்குச் சிக்குன்குனியா. மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியவில்லை. இந்த இருபது வருஷத்தில் நான் வாசலில் நிற்காத சனிக்கிழமை அது ஒன்றுதான். ஷர்மிளா நின்றாள். ஞானவேல் சார் வந்து, “இந்த வாரம் என்ன கத்துக்கிட்டான்?” என்று கேட்டிருக்கிறார். அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

“பாசிமணி கோத்தான் சார்.”

பொய்! பாசிமணியை அவன் தொடவே இல்லை. என் வாசலில் நின்று, என் பள்ளியின் பெயரால், ஒரு தகப்பன் முகத்தைப் பார்த்துச் சொன்ன பொய். எனக்கு ஆறவில்லை சார். இன்னும் ஆறவில்லை. நான் நின்றிருந்தால் உள்ளதைச் சொல்லியிருப்பேன். சாவிக்கொத்தைச் சத்தமில்லாமல் எடுக்கிறான் என்று சொல்லியிருப்பேன். அவரும் வேண்டியதைச் செய்திருப்பார். அந்தக் குடும்பம் சிதறியிருக்காது.

அடுத்த புதன்கிழமை மத்தியானம், பையன் பள்ளி விட்டு வீட்டுக்குப் போன பிறகு, அத்தை தூங்கும்போது, சுகந்தி பையனைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிட்டாள். தெருமுனையில் ஷர்மிளா ஆட்டோ வைத்துக்கொண்டு நின்றாளாம், எதிர்வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். ஞானவேல் சார் நேரே இங்கேதான் வந்தார். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இதே நாற்காலி. கத்தவில்லை, திட்டவில்லை. நடந்ததைச் சொன்னார். “அந்தப் பொண்ணு எங்க தங்கியிருக்கா மேடம்?” என்று மட்டும் கேட்டார். ஹாஸ்டல் விலாசத்தை உடனே கொடுத்தேன். அவர் போவதற்குள் அறை காலி. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தத் தாயும் சொல்லவில்லை. இவ்வளவு கற்றுக்கொடுத்தேனே, ஒரு நன்றி? வருஷ நடுவில் பையனை இழுத்துக்கொண்டு போனால் அவன் கை என்ன ஆகும் என்று யாராவது யோசித்தார்களா?

என்ன கேட்டீர்கள்? அவர்கள் இப்போது எங்கே என்றா?

அது... சொல்லக் கூடாது சார். ஒருத்தியிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். வேண்டாம். உங்கள் மகளைப் பற்றிப் பேசுவோம். என்ன வயது? வலது கையா, இடது கையா?

அப்படிச் சொல்லாதீர்கள். எந்த நர்சரியிலும் இதெல்லாம் சொல்லித்தருவார்கள் என்கிறீர்களே, எந்த நர்சரியில்? கலர் பொம்மையை வாங்கி அடுக்கிவிட்டு மான்டிசோரி என்று போர்டு மாட்டுகிற இடத்திலா? என் கையில் பழகிய குழந்தையை எந்த ஊரில் விட்டாலும் கண்டுபிடித்துவிடலாம் சார். பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்தது. என்னோடு பயிற்சி எடுத்த லில்லி புஷ்பம் போன வாரம் போன் செய்தாள். “வைஜெயந்தி, ஒரு புதுப் பையன் வந்திருக்கான். பேர வேற மாதிரி சொல்றாங்க. ஆனா நாற்காலிய ஒவ்வொரு காலா தரையில வெக்கிறான். இது ஒன் வேலதான?” என்றாள். என்னைத் தவிர யாரும் அப்படிச் சொல்லித் தருவதில்லை. பேரை மாற்றலாம், ஊரை மாற்றலாம், கையை மாற்ற முடியுமா? “யார்கிட்டயும் சொல்லிறாத, அந்த அம்மா கும்பிட்டுக் கேட்டுக்கிட்டாங்க” என்றாள். நான் யாரிடம் சொல்லப் போகிறேன்?

நம்பவில்லையா? சிரிக்கிறீர்கள். வேண்டுமானால் நீங்களே போய்ப் பாருங்கள். நாகர்கோவில், வடசேரி. லில்லி புஷ்பம் நர்சரி என்றால் சந்தைப் பக்கம் யாரும் காட்டுவார்கள். எழுதிக்கொள்ளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள். அவன் உட்கார்ந்து வேலை செய்வதை ஒருமுறை பார்த்தால் உங்கள் மகளை எங்கே சேர்ப்பது என்கிற சந்தேகமே உங்களுக்கு வராது.

அதற்குள் கிளம்பிவிட்டீர்களே! மகளின் பெயர்கூடச் சொல்லவில்லை. சரி, சரி, தூரப் பயணம், வெளிச்சம் இருக்கும்போதே புறப்பட வேண்டும்தான். ஆனால் காலையில் போகாதீர்கள் சார். வேலை நேரத்தில் லில்லி யாரையும் உள்ளே விட மாட்டாள். பள்ளி விடுகிற நேரத்துக்குப் போங்கள். பின்பக்கம் வாய்க்கால் ஓரமாக ஒரு பாதை இருக்கிறதாம், தினமும் பையனைக் கூட்டிக்கொண்டு அந்த வழியாகத்தான் சுகந்தி நடந்து போகிறாளாம். அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான், அந்த நேரத்தில் அங்கே ஆள் நடமாட்டமே இருக்காது. நீங்கள் நிதானமாக நின்று பேசலாம்.